ஈயமும் சிவப்பணுவும்: தொழிலாளியின் இரத்தத்தைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தைச் சுற்றி ஈயத்தைக் கையாண்டு பிழைப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். சங்ககிரிப் பக்கத்து லாரிகளின் பழைய பேட்டரிகளைப் பிரித்துத் தட்டு மாற்றிக் கொடுப்பவர்கள், ரேடியேட்டரின் ஓட்டையை ஈயப் பற்று வைத்து அடைப்பவர்கள், வெள்ளித் துகளையும் கசடையும் ஈயத்தோடு உருக்கிச் சுத்தம் செய்யும் பழைய முறையைக் கைவிடாத உலைகளில் நிற்பவர்கள் எனப் பலவகை. சோர்வு, வயிற்றுவலி, மலச்சிக்கல் என்று ஏதோ ஒரு தொல்லைக்காக அவர்கள் மருத்துவரிடம் போகிறார்கள். அவர்களுடைய இரத்தம் எங்கள் ஆய்வக மேசைக்கு வந்து சேர்கிறது. அந்த இரத்தத்தை வைத்துக்கொண்டு எங்கள் தலைமுறை எந்தெந்தப் பிழைகளைச் செய்ததோ, அதே பிழைகளை இப்போது பயிற்சிக்கு வரும் பிள்ளைகளும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கிறேன். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பெயர்ச்சீட்டு மாறிப்போவது, காலாவதியான குழாயைப் பயன்படுத்துவது போன்றவற்றை எந்தப் பாடநூலும் சொல்லிவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

‘கூலி’ என்று எழுதி முடித்துவிடுவது

பரிசோதனைச் சீட்டில் தொழில் என்ற இடத்தில் பெரும்பாலும் ‘கூலி’ என்ற ஒரு சொல்தான் இருக்கும். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு சிவப்பணுவையும் புரிந்துகொள்ள முடியாது. எந்தக் கடை, அங்கே கையால் செய்யும் வேலை என்ன, எத்தனை ஆண்டுகளாகச் செய்கிறார், மதியச் சாப்பாட்டை எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார், வேலைக்கு நடுவே பீடி பிடிக்கும் பழக்கம் உண்டா என்று கேட்க வேண்டும். பேட்டரி கடையில் இருக்கிறேன் என்று சொல்பவர் கல்லாவில் உட்காருபவராகவும் இருக்கலாம். மூடிய அறையில் ஈயத்தை உருக்கி முனை வார்ப்பவராகவும் இருக்கலாம். இரத்தம் எடுக்கும்போது பேச்சுக் கொடுத்ததில் ஒருவர், “எங்க கடையில எல்லாருக்குமே வயித்துவலி இருக்குதுங்க, தண்ணி சரியில்லைன்னு நெனைக்கிறோம்” என்றார். அந்த ஒரு வாக்கியம் சீட்டில் ஏறியிருந்தால் அவருடைய மருத்துவர் முதல் நாளே சரியான பரிசோதனையைக் கேட்டிருப்பார்.

ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது, எனவே ஈயம் இல்லை என்று முடிவுகட்டுவது

ஈயம் சிவப்பணுவை இரண்டு பக்கத்திலிருந்து தாக்குகிறது: உருவாகும்போது ஒருமுறை, உருவான பிறகு ஒருமுறை. ஹீமோகுளோபினின் ஹீம் பகுதி எலும்பு மஜ்ஜையில் பல படிகளில் தயாராகிறது. அவற்றில் டெல்ட்டா அமினோலெவுலினிக் அமிலத்தின் இரண்டு மூலக்கூறுகளை இணைக்கும் நொதி, துத்தநாகத்தை நம்பி வேலை செய்வது. ஈயம் அந்தத் துத்தநாகத்தை வெளியே தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்கிறது, படி நின்றுபோகிறது, இணையாத அமிலம் இரத்தத்தில் தேங்கிச் சிறுநீரில் வெளியேறுகிறது. கடைசிப் படியில் புரோட்டோபார்ஃபிரினுக்குள் இரும்பைப் பொருத்தும் ஃபெரோகெலட்டேஸ் என்ற நொதியும் தடைபடுகிறது. இரும்பு பொருந்த வேண்டிய இடத்தில் துத்தநாகம் பொருந்தி, துத்தநாகப் புரோட்டோபார்ஃபிரின் என்ற பயனற்ற பொருள் உருவாகிச் சிவப்பணுவுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

இரண்டாவது தாக்குதல், வெளியே வந்து ஓடிக்கொண்டிருக்கும் அணுவின் மீது. சிவப்பணுவின் சவ்வு வலுவிழக்கிறது. சோடியம் பொட்டாசியப் பம்பு தளர்கிறது. 120 நாள் வாழ வேண்டிய அணு முன்கூட்டியே அழிகிறது. ஆக, உற்பத்தியும் குறைகிறது, ஆயுளும் குறைகிறது.

இவ்வளவு நடந்தும் ஹீமோகுளோபின் எண் நெடுநாள் அசையாமல் இருப்பதுதான் தொடக்கநிலையினரை ஏமாற்றுகிறது. முதலில் சொன்ன நொதி, இரத்த ஈயம் ஒரு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தொடுவதற்கு முன்பே தடைபடத் தொடங்கிவிடுகிறது. துத்தநாகப் புரோட்டோபார்ஃபிரின், பெரியவர்களிடம் இரத்த ஈயம் ஏறத்தாழ 25 முதல் 30 மைக்ரோகிராம் ஆகும்போது ஏறத் தொடங்குகிறது. ஹீமோகுளோபின் கண்ணுக்குத் தெரியும்படி இறங்குவதோ இரத்த ஈயம் 50 மைக்ரோகிராமைத் தாண்டிய பிறகுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல், 5 மைக்ரோகிராமை எட்டிய எவருக்கும் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது. ஐந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் இருக்கும் தொழிலாளிக்கு இரத்த அழுத்தமும் சிறுநீரகமும் நரம்பும் பாதிக்கப்பட்டுக்கொண்டிருக்கலாம். அவருடைய இரத்த அணு எண்ணிக்கை அறிக்கையில் எல்லாம் சரி என்றே வந்திருக்கும். இரத்தச்சோகை வரும்வரை காத்திருப்பது, ஈய நச்சைப் பொறுத்தவரை, மிகவும் தாமதமான அடையாளத்துக்காகக் காத்திருப்பதாகும்.

சீரத்தில் ஈயத்தைத் தேடுவது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். எத்தனையோ முறை சொல்லியும் எழுதி ஒட்டியும் இந்தத் தவறு நிற்கவில்லை. இப்போதும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

உடலில் நுழையும் ஈயத்தில் பெரும்பங்கு ஆண்டுகள் செல்லச் செல்ல எலும்பில் போய்ச் சேர்கிறது. இரத்தத்தில் ஓடும் ஈயமோ 95 விழுக்காட்டுக்கு மேல், பெரும்பாலும் 99 விழுக்காடு வரை, சிவப்பணுவுக்குள் இருக்கிறது. அதிலும் பெரும்பகுதி, முன்னே சொன்ன அதே நொதியைப் பற்றிக்கொண்டிருக்கிறது. அணுக்கள் நீங்கலான நீர்ப்பகுதியாகிய பிளாஸ்மாவில் மிஞ்சுவது நூற்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். எனவே இரத்த ஈயம் என்றால் அது முழு இரத்தத்தில் அளக்கப்பட வேண்டியது. வேறு வழியே கிடையாது.

ஆனால் ஆய்வகத்தில் பயிற்சி பெறும் கைக்குச் சீரம் பழகிப்போயிருக்கிறது. சர்க்கரை, யூரியா, கிரியேட்டினின், கல்லீரல் பரிசோதனை, தைராய்டு என்று காலை முழுவதும் இரத்தத்தை உறையவிட்டு, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை எடுத்து அனுப்பிப் பழகிய கை, ஈயத்துக்கும் அதையே செய்துவிடுகிறது. அடியில் தங்கிய சிவப்பணுக்கள் மருத்துவக் கழிவுப் பையில் விழுகின்றன. அரிசியைக் கீழே கொட்டிவிட்டுக் கழுநீரை நிறுத்துப் பார்த்து, வீட்டில் அரிசியே இல்லை என்று சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

சங்ககிரிச் சாலையோரத்துப் பேட்டரி கடையொன்றில் தட்டு மாற்றும் வேலை செய்த இளைஞர் ஒருவருக்கு இதுதான் நேர்ந்தது. பிடித்துப் பிடித்து விடும் வயிற்றுவலி, நாள்கணக்கில் மலச்சிக்கல், வெளுத்த முகம். அவரைப் பார்த்த மருத்துவர் கவனமானவர். தொழிலைக் கேட்டு, ஈயப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்திருந்தார். இரத்தம் எடுத்த இடத்தில், சீரம் பிரிப்பதற்கான சிவப்பு மூடிக் குழாயில் எடுத்து, சுற்றி, சீரத்தை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே கருவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. கொடுத்த நீரில் ஈயம் மிகக் குறைவு. எனவே குறைவு என்றே அறிக்கை வந்தது. முழு இரத்தத்துக்கு உரிய இயல்பு அளவு பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருந்ததால் அந்த எண் நிம்மதி தரும் எண்ணாகத் தோன்றியது. மாதிரி என்ற வரியில் சீரம் என்று இருந்ததை யாரும் படிக்கவில்லை.

அந்த ஒரு தாள் செய்த கேடு கொஞ்சமல்ல. மருத்துவர் குடற்புண் பக்கம் திரும்பினார். கடை முதலாளி அந்தத் தாளைக் காட்டி, நம் கடையில் ஈயத்தால் யாருக்கும் ஒன்றுமில்லை என்று மற்றவர்களிடமும் சொன்னார். அவரும் அதை நம்பித்தான் சொல்லியிருக்க வேண்டும். புகைபோக்கி வைப்பதைப் பற்றி நடந்துகொண்டிருந்த பேச்சு நின்றுபோனது. இளைஞர் மாத்திரையை வாங்கிக்கொண்டு அதே அறைக்குத் திரும்பினார்.

சில மாதங்கள் கழித்து வலது கை மணிக்கட்டைத் தூக்க முடியாமல் அவர் மறுபடி வந்தபோது, அவருடைய இரத்த ஸ்மியர், அதாவது கண்ணாடி ஸ்லைடில் மெலிதாகப் பூசிய இரத்தப் படலம், என் நுண்ணோக்கிக்கு வந்தது. சிவப்பணுக்கள் சற்றே சிறுத்து வெளிறியிருந்தன. அவற்றுள் பலவற்றில் கருநீலப் புள்ளிகள், மிளகைப் பொடித்துத் தூவியது போலன்றி, தனித்தனியே எண்ணக்கூடிய அளவுக்குப் பருமனாக, அணுவின் விளிம்புவரை பரவிக் கிடந்தன. முழு இரத்தத்தை வாங்கி மறுபடி அனுப்பச் சொன்னோம். முடிவு ஒரு டெசிலிட்டருக்கு 80 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. முதல் முறை எடுத்த இரத்தத்திலும் அந்த ஈயம் இருந்திருக்கும். அதைத்தான் சுற்றிக் கீழே தள்ளிவிட்டார்கள்.

ஆகவே, ஈயத்துக்கு இரத்தம் எடுப்பவர் இவற்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நுண் உலோகப் பரிசோதனைக்கென்றே வரும் அடர்நீல மூடியுள்ள ஈ.டி.டி.ஏ. (இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாய் கிடைத்தால் அதில் எடுங்கள். கிடைக்காவிட்டால், எந்தக் குழாயை ஏற்பார்கள் என்று அனுப்பப்போகும் ஆய்வகத்தைக் கேட்டுக்கொண்ட பிறகு எடுங்கள். எடுத்தவுடன் மெதுவாகப் பலமுறை கவிழ்த்து நிமிர்த்திக் கலக்குங்கள், ஏனென்றால் சிறு உறைகட்டி உண்டானாலும் அதற்குள் சிவப்பணுக்கள் சிக்கி எண் மாறிவிடும். சுற்றவே கூடாது. குழாயின் மீதும் சீட்டின் மீதும் ‘முழு இரத்தம், சுற்றக் கூடாது’ என்று தமிழில் பெரிதாக எழுதுங்கள். அறிக்கை வந்ததும் எண்ணைப் பார்ப்பதற்கு முன் மாதிரியின் வகை எழுதியிருக்கும் வரியைப் பாருங்கள். கடுமையான இரத்தச்சோகை உள்ளவரிடம் ஈயத்தைச் சுமக்கும் சிவப்பணுக்களே குறைந்திருப்பதால், முழு இரத்தத்தின் எண்கூட உடலின் சுமையைக் குறைத்துக் காட்டக்கூடும். அதனால், இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹீமட்டோக்ரிட் அளவையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

விரல்நுனி இரத்தத்தில் ஈயம் பார்க்கும் சிறு கருவிகளுக்கும் எல்லை உண்டு. அவ்வகைக் கருவியில் சிரை இரத்தத்தைச் சோதித்தபோது எண் குறைவாக வந்ததால், 2017இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அவ்வாறு பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது.

பட்டறை உடையோடு உட்காரவைத்து இரத்தம் எடுப்பது

இது எதிர்ப்பக்கத்துப் பிழை. தோலில் படிந்த ஈயத்தூள் ஊசி வழியே சென்று இல்லாத ஈயத்தை அறிக்கையில் சேர்த்துவிடும். சோப்புப் போட்டுக் கையை நன்றாகக் கழுவச் சொல்லுங்கள். ஸ்பிரிட் பஞ்சு மட்டும் போதாது. கடைக்குள்ளேயே முகாம் போட்டு எடுக்கவே எடுக்காதீர்கள்.

அலகைப் படிக்காமல் எண்ணைப் படிப்பது

டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பதும் லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்பதும் ஒன்றே.

பழைய குழாயிலிருந்து ஸ்மியர் போடுவது

சிவப்பணு முதிரும்போது தன்னிடம் மிஞ்சிய ரைபோசோம் ஆர்.என்.ஏ.வைச் சிதைத்து வெளியேற்ற வேண்டும். அதற்குரிய பிரிமிடின் நியூக்ளியோட்டிடேஸ் என்ற நொதியையும் ஈயம் தடுத்துவிடுவதால், சிதையாத எச்சங்கள் திரண்டு, லீஷ்மன் சாயம் ஏற்றும்போது நீலப் புள்ளிகளாகத் தெரிகின்றன. ஈ.டி.டி.ஏ. குழாயில் மணிக்கணக்கில் கிடந்த இரத்தத்தில் இந்தப் புள்ளிகள் மங்கிவிடும். காலையில் எடுத்த குழாயை மாலையில் திறந்து ஸ்மியர் போட்டுவிட்டுப் புள்ளி இல்லை என்று எழுதுவது நியாயமாகாது. இரத்தம் எடுத்த கையோடு ஒரு ஸ்லைடையும் போட்டு உலர்த்தி வையுங்கள்.

புள்ளி இல்லாததால் ஈயம் இல்லை என்றும் ஆகிவிடாது; ஈயம் ஏறிய பலரிடம் அது தென்படுவதே இல்லை. இருப்பதால் ஈயம்தான் என்றும் ஆகிவிடாது. ஹீமோகுளோபின் உருவாவதில் பரம்பரைக் குறையான தலசீமியாக் கூறு உடையவர்களிடமும், ஃபோலிக் அமிலமோ பி12 வைட்டமினோ குறைந்தவர்களிடமும், அந்த நொதி பிறவியிலேயே குறைந்தவர்களிடமும் அதே புள்ளிகள் வரும். இரும்புத் துணுக்குகளால் தோன்றும் பாப்பன்ஹைமர் துகள்களையும் சிலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அவை ஓரிரண்டாக, அணுவின் ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கும், இரும்பைக் காட்டும் பெர்ல்ஸ் சாயத்தில் நீலமாகும். கண்ணில் பட்டதை அறிக்கையில் எழுதுங்கள், தொழிலைக் கேட்டுத் தருமாறு மருத்துவருக்கு ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். முடிவை இரத்த ஈய அளவு சொல்லட்டும்.

துத்தநாகப் புரோட்டோபார்ஃபிரினை இன்றைய கணக்காகப் படிப்பது

இந்தப் பொருள் மஜ்ஜையில் உருவாகும் புதிய சிவப்பணுக்களோடுதான் இரத்தத்துக்குள் வருகிறது. எனவே ஈயம் ஏறிச் சில வாரங்கள் கழித்தே இது ஏறும்; ஈயம் இறங்கிய பிறகும் அந்த அணுக்கள் வாழ்ந்து முடியும்வரை இது இறங்காது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறையக்கூடிய இரத்த ஈயம், அண்மையில் உள்ளே போனதைச் சொல்கிறது. புரோட்டோபார்ஃபிரின் கடந்த மூன்று நான்கு மாதங்களைச் சொல்கிறது. பேட்டரி கடையில் சேர்ந்து பத்து நாள் ஆன ஒருவருக்கு இதை மட்டும் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று அனுப்பக் கூடாது. இரும்புச்சத்துக் குறைந்தாலும் இது ஏறும் என்பதால் தனியாக இதை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான், புதிதாக ஏறிக்கொண்டிருக்கிறதா, பழைய சுமையா என்பது விளங்கும்.

சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவது

சிறுத்து வெளிறிய சிவப்பணுவைப் பார்த்ததும் இரும்புச்சத்துக் குறைபாடு என்று எழுதுவது நம் ஊரில் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதனால்தான் இந்தத் தவறு கண்டுபிடிக்கப்படாமல் நெடுநாள் ஓடுகிறது. இரும்பைப் பொருத்தும் நொதி முடங்கிக் கிடக்கும்போது எவ்வளவு இரும்பு கொடுத்தாலும் மஜ்ஜை அதை ஹீமில் சேர்க்க முடியாது. மூன்று மாதம் மாத்திரை தின்றும் ஹீமோகுளோபின் ஏறாத ஆண் தொழிலாளிக்கு, மாத்திரையின் பெயரை மாற்றி எழுதுவதற்கு முன், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினைப் பாருங்கள், தொழிலைக் கேளுங்கள்.

அதற்காக இரும்பே கூடாது என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறு. இரும்புச்சத்துக் குறைந்த உடல் குடலிலிருந்து ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். ஃபெரிட்டின் குறைவாக இருந்தால் மாத்திரை தேவைதான்; அது ஈயத்துக்கான சிகிச்சை என்று நினைத்துக்கொள்ளாமல் கொடுக்க வேண்டும்.

ஏற்காட்டிலிருந்து வருபவரைச் சமவெளிக் கணக்கில் படிப்பது

1,500 மீட்டர் உயரத்தில் வாழ்பவரின் ஹீமோகுளோபின் இயல்பாகவே சற்றுக் கூடுதலாக இருக்கும். சேர்வராயன் மலையில் குடியிருப்பவருக்கு வரும் ‘இயல்பு’ உண்மையில் இறக்கமாக இருக்கலாம்.

மருந்தைக் கொடுத்து அதே உலைக்குத் திருப்பி அனுப்புவது

ஈயத்தைப் பற்றி இழுத்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்துகள் உள்ளன. அவற்றைக் கொடுத்தவுடன் இரத்த ஈயம் இறங்கும். எல்லோருக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் அந்த மருந்து, காற்றில் ஈயம் மிதக்கும் அறையில் நிற்பவருக்குக் கவசம் ஆகாது. ஈயம் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே கொடுத்தால் குடலில் ஈயம் உறிஞ்சப்படுவது கூடவும் வாய்ப்பு உண்டு. தடுப்பு மருந்தாக இதைத் தொழிலாளிகளுக்குக் கொடுப்பதை அமெரிக்காவின் 1978ஆம் ஆண்டுப் பணியிட ஈய விதி வெளிப்படையாகவே தடைசெய்தது. அதே விதி, இரத்த ஈயம் 60 மைக்ரோகிராமை எட்டியவரை அந்த வேலையிலிருந்து விலக்கவும், 40க்குக் கீழே இறங்கிய பிறகே திரும்பச் சேர்க்கவும் சொல்கிறது. இன்றைய அறிவுக்கு அந்த எண்களே மிகத் தாராளமானவை. அவற்றைக்கூட நாம் இங்கே கடைப்பிடிப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

விலகிய பிறகும் கவனம் தேவை. எலும்பில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த ஈயம் மெல்ல மெல்ல இரத்தத்துக்குத் திரும்புவதால், மருந்து நின்ற சில வாரங்களில் எண் மறுபடி ஏறுவதுண்டு. அப்போது தொழிலாளி ஒளித்து வேலைக்குப் போனார் என்று குற்றம் சாட்டுவதை நான் கேட்டிருக்கிறேன். அது அவருடைய எலும்பிலிருந்தே வந்திருக்கலாம்.

வீட்டையும் கேளுங்கள். பட்டறைச் சட்டையை வீட்டில் உதறித் துவைப்பவர் யார், தவழும் குழந்தை இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு, இருந்தால் அந்தக் குழந்தையின் இரத்தத்தையும் அனுப்பச் சொல்லுங்கள்.

தெரிவிக்காமல் விடுவது

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், தெரிவிக்கப்பட வேண்டிய நோய்களின் அட்டவணையில் ஈய நச்சை முதல் வரியிலேயே வைத்தது. நோயைக் கண்ட மருத்துவர் தாமதமின்றித் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்று 89ஆம் பிரிவில் சொன்னது. 2020ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே கடமை இருக்கிறது. கடை மூடப்பட்டால் அவருடைய பிழைப்புப் போய்விடுமே என்று பலர் தயங்குகிறார்கள். தயக்கம் புரிகிறது; ஆனால் அதே அறையில் அவரோடு நிற்கும் மற்றவர்களின் இரத்தத்தை அதற்குப் பிறகு யாரும் பார்க்கப்போவதில்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள். நாலைந்து பேர் வேலை செய்யும் சிறு கடைகள் சட்டத்தின் வரையறைக்குள் வராமல் போகலாம். அப்போதும் எழுத்தில் தாருங்கள்.

அந்தத் தாளில் இரத்தம் எடுத்த தேதி, முழு இரத்தம் என்ற சொல், அலகோடு கூடிய எண், ஹீமட்டோக்ரிட், செய்யும் வேலை, அதே வேலையில் எத்தனை மாதம் என்பவை இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன இரண்டையும் பலர் விட்டுவிடுகிறார்கள். 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, ஈயத்தால் வரும் நோய்களை அதன் முதல் பகுதியில் வைத்திருந்தது; இரண்டாம் பகுதி நோய்களுக்குப் போல ஆறு மாத வேலை என்ற நிபந்தனை அந்தப் பகுதி நோய்களுக்கு இல்லை என்றாலும், அந்த வேலையில் இருந்தார் என்று காட்டியாக வேண்டும். சம்பளச் சீட்டோ வருகைப் பதிவேடோ இல்லாத தொழிலாளிக்கு, மருத்துவச் சீட்டில் அன்றைக்கே எழுதப்பட்ட அந்த ஒரு வரி சான்றாக நிற்கக்கூடும்.